தாயின் நோயும் சேயின் மரபும்

பெருமுக்கல் போன்ற கிராமச் சபைகளில் ஊழியம் செய்யும் போதகரிடம், எச்.ஐ.வி. தொற்றுள்ள கர்ப்பவதி ஒருத்தி, "ஐயா, என் பிள்ளைக்கும் இது வந்தே தீருமா?" என வினவக்கூடும். பெற்றோரின் பாவம் பிள்ளையின் இரத்தத்தில் இறங்கும் என்று விடை கூறுவோர் நம்மிடையே இல்லாமலில்லை. அவ்விடை அறிவியலுக்கும் திருமறைக்கும் ஏற்புடையதாகுமா என்பதை ஈண்டு ஆராய்வோம்.

இந்தியாவில் இத்தொற்று 1986-இல் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவர்தம் மாணவி செல்லப்பன் நிர்மலாவும் மேற்கொண்ட ஆய்வின் பயன் அது. இரத்த மாதிரிகள் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சோதிக்கப்பட்டன.

இவ்வைரஸின் மரபுச் செய்தி ஏறத்தாழப் பத்தாயிரம் எழுத்துக்களால் ஆனது. மனிதனின் வெள்ளணுக்களுள் புகுந்து, அவற்றின் மரபுப்பொருளோடு அது தன்னைப் பிணைத்துக்கொள்கிறது. ஆயினும், தாயின் கருமுட்டை வழியாக அது பிள்ளைக்கு இறங்குவதில்லை. கருப்பையிலோ, பிரசவ வேளையிலோ, தாய்ப்பாலின் வழியாகவோதான் தொற்றுகிறது. ஆகவே இது தொற்றுநோயேயன்றிப் பரம்பரை நோயன்று.

தன்னைப் படியெடுக்கையில் இவ்வைரஸ் அடிக்கடி பிழை செய்வதால், தாயின் உடலில் சிறுசிறு வேறுபாடுகளுடன் பல வகைகள் பெருகியிருக்கும். ஆனால், தொற்றுற்ற குழந்தைகளிடம் அப்பன்மை மிகக் குறைவாகவே காணப்படுவதை 1992-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. பெரும்பாலும் ஒன்றோ சிலவோதான் கடந்து செல்கின்றன. வாசல் இடுக்கமானது. சிகிச்சையே இல்லாதபோதும் நூறு குழந்தைகளில் 15 முதல் 45 வரைதான் தொற்றுக்கு ஆளாகின்றன.

அவ்வாசலை அடைக்கவும் கூடும் என்பது 1994-இல் புலனாயிற்று. சிடோவுடின் என்னும் மருந்து, தொற்றும் விகிதத்தை 25.5 விழுக்காட்டிலிருந்து 8.3 ஆகக் குறைத்தது. பின்னர் நெவிரப்பின் ஒரே வேளை கொடுக்கப்பட்டது. ஆயின் வைரஸின் மரபில் ஓரெழுத்து மாறினாலே அம்மருந்து பயனற்றுப் போகக்கூடும். மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் அவை யாவற்றிற்கும் ஒருங்கே தப்புவது அதற்கு அரிது. எனவே 2014 முதல் நம் நாட்டில், தொற்றுள்ள கர்ப்பவதிகளுக்கு வாழ்நாள் முழுவதும் கூட்டுமருந்து அளிக்கப்படுகிறது. ஒழுங்காக உட்கொண்டால் தொற்றும் வாய்ப்பு ஐந்து விழுக்காட்டிற்கும் கீழே வந்துவிடும்.

இன்னுமொன்று கவனிக்கத்தக்கது. தாயின் எதிர்ப்புப் பொருட்கள் பிள்ளையின் இரத்தத்தில் 18 மாதம் வரை தங்கக்கூடும். அக்காலத்தில் வழக்கமான சோதனை தொற்று உண்டெனக் காட்டினாலும், அது தாயைப் பற்றிய சாட்சியேயன்றிப் பிள்ளையைப் பற்றிய தீர்ப்பன்று. வைரஸின் மரபுப்பொருளையே தேடும் சோதனை ஆறாவது வாரத்தில் செய்யப்படுகிறது.

தந்தையர் தின்ற புளிப்பு பிள்ளைகளின் பல்லைக் கூசச் செய்யும் என்ற பழமொழியை எசேக்கியேல் 18-ஆம் அதிகாரம் மறுக்கிறது. பிறவிக் குருடனைக் குறித்துச் சீஷர் எழுப்பிய வினாவையும் ஆண்டவர் ஏற்கவில்லை. வினவும் தாய்க்கு நாம் தரவேண்டியது தீர்ப்பன்று, வழியே. அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்திற்கு அவளை அனுப்புவோம். மருந்தை இடைவிடாது உட்கொள்ளத் துணை நிற்போம். அவள் இசைவின்றி இச்செய்தியை வெளியிடுவதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது; அச்சட்டம் இல்லாவிடினும், அவள் இரகசியத்தைக் காப்பது போதகரின் கடன்.