மிதித்தால் மட்டும் உதறும் எஞ்சின்

மேட்டுப்பாளையத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவரிடம் இருப்பது ஒரு லிட்டர், மூன்று சிலிண்டர் டர்போ பெட்ரோல் கார். சமதளத்தில் வண்டி சொன்னபடி கேட்கிறதாம். கோத்தகிரி மலைப்பாதையில் லாரியை முந்த ஆக்ஸிலரேட்டரை அழுத்தி மிதித்தால் மட்டும் குலுங்கி உதறுகிறது. காலை எடுத்தால் அடங்கிவிடுகிறது. சர்வீஸ் சென்டரில் நியூட்ரலில் போட்டு உறுமவிட்டுப் பார்த்து, “ஒண்ணும் இல்லையே சார்” என்று அனுப்பிவிட்டார்கள். எல்லாம் இந்த எத்தனால் கலந்த பெட்ரோலால்தானே என்பது அவர் கேள்வி.

எத்தனாலுக்கு இப்போது நேரம் சரியில்லை. வைப்பர் ஓடாவிட்டாலும் அதைத்தான் திட்டுகிறார்கள். 20 சதவீதம் கலந்தால் மைலேஜ் சற்றுக் குறையும், அதற்கென்று தயாரிக்கப்படாத பழைய வண்டிகளின் ரப்பர் பாகங்களுக்கு ஆகாது. அவ்வளவையும் ஒப்புக்கொள்ளலாம். ஆனால் சமதளத்தில் எரிவதும் அதே பெட்ரோல்தானே? மிதிக்கும்போது மட்டும் வருகிற உதறலுக்கு நான் முதலில் சந்தேகப்படுவது ஸ்பார்க் பிளக்கின் தீப்பொறியை.

பிளக்கின் நுனியில் ஒரு சிறு இடைவெளி உண்டு. டர்போ கார்களில் பெரும்பாலும் 0.7, 0.8 மில்லிமீட்டர். நடுவே இருப்பது வாயு, மின்சாரத்தை விடாது. அதை விடவைப்பது எப்படி என்பதில்தான் சுவாரசியம். தி. நகர் ரங்கநாதன் தெருவை நினைத்துக்கொள்ளுங்கள். காலை ஏழு மணி, கடைகள் திறக்கவில்லை. ஒரு முரட்டுப் பையனை யாரோ பின்னாலிருந்து தள்ளிவிடுகிறார்கள். அவன் நாலு எட்டு ஓடி வேகம் பிடித்து, எதிரே வருபவர் மேல் மோதுகிறான். மோதிய அதிர்ச்சியில் அவர் கைப்பிடியிலிருந்த பிள்ளை விடுபட்டு, அதுவும் ஓடத் தொடங்குகிறது. இருவர் நால்வராகி, நால்வர் எண்மராகி, தெருக்கோடியை எட்டும்போது ஒரு பட்டாளமே பாய்கிறது. பையன்தான் எலெக்ட்ரான், மோதப்பட்டவர் மூலக்கூறு, பட்டாளம்தான் தீப்பொறி.

அதே தெரு, தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு மாலை. பையன் இரண்டு எட்டு வைப்பதற்குள் யார் மீதாவது முட்டுகிறான். வேகம் பிடிக்கவே வழியில்லை. மோதினாலும் யாருடைய கைப்பிடியும் தளராது. இப்போதும் பட்டாளம் கிளம்ப வேண்டுமானால், பின்னாலிருந்து தள்ளுகிற தள்ளு பல மடங்காக வேண்டும். அந்தத் தள்ளுதான் வோல்டேஜ். தள்ளப் போதிய பலம் இருந்தும் கூட்டம் விலகவில்லையா? பையன் பக்கத்துப் பாத்திரக் கடைக்குள் புகுந்து, பின்வாசல் வழியாக உஸ்மான் சாலைக்குப் போய்விடுவான். அந்தக் கடைக்குப் பின்வாசல் உண்டா என்று கேட்டு எழுதாதீர்கள். பிளக்குக்கு அந்த வோல்டேஜைத் தருகிற காயிலின் ரப்பர் உறையில் விரிசல் இருந்தால் மின்சாரம் செய்வதும் அதையேதான்: இடைவெளியைத் தாண்டாமல் விரிசல் வழியே எஞ்சின் இரும்புக்கு இறங்கிவிடும். பிளக்கின் வெள்ளைப் பீங்கான் மேல் மெல்லிய கரிக்கோடு தெரிந்தால், அது போன தடம்.

சாதாரணக் காற்றில் ஒரு மில்லிமீட்டரைத் தாண்ட நாலாயிரம் வோல்ட் சொச்சம் போதும். எஞ்சினிலோ பிஸ்டன் காற்றைப் பத்தில் ஒரு பங்கு இடத்துக்குள் நெருக்குகிறது. முழுதாக மிதித்தால், அதற்கு முன்பே டர்போ ஒன்றரை, இரண்டு மடங்கு காற்றைத் திணித்திருக்கும். தேவை இருபதாயிரம் வோல்ட்டைத் தாண்டிவிடும். பிளக்கின் நுனி தேய்ந்து, 0.8 மில்லிமீட்டர் இடைவெளி 1.1 ஆகியிருந்தால் அதற்கு மேல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடுதல். வெந்து வெந்து நொந்துபோன காயில் அங்கேதான் கைவிரிக்கிறது. நியூட்ரலில் ஐயாயிரம் சுற்றுக்கு உறுமவிட்டாலும் எஞ்சின் இழுக்கிற காற்று சொற்பம், தெரு காலி. சர்வீஸ் சென்டரில் குறை தெரியாமல் போனதில் வியப்பே இல்லை. நாலாவது கியர், இரண்டாயிரம் சுற்று, ஏற்றம், முழு மிதி: சோதனை அங்கே நடக்க வேண்டும்.

வரலாறு வேண்டுமென்பவர்களுக்கு: தேவையான வோல்டேஜ், வாயுவின் அழுத்தத்தையும் இடைவெளியையும் பெருக்கிவரும் எண்ணைப் பொறுத்தது என்று ஜெர்மனியின் ஃப்ரீட்ரிச் பாஷென் 1889-இல் காட்டினார். டர்போவுக்கு சுவிட்சர்லாந்தின் ஆல்ஃப்ரெட் பூகி 1905-இல் காப்புரிமை பெற்றார். போதும்.

ஒரு சிலிண்டர் பற்றாமல் போனால் மூன்று சிலிண்டர் எஞ்சினில் மூன்றில் ஒரு பங்கு உந்துதல் காணாமல் போகிறது. மெக்கானிக்குகள் ‘மிஸ்ஸிங்’ என்பது இதைத்தான். கிராங்க் தண்டு அந்த நொடித்துணுக்கில் தயங்குவதை வண்டியின் கணினி கவனித்துக் குறித்து வைக்கிறது. ஸ்கேனரில் பி0302 என்று வந்தால் இரண்டாவது சிலிண்டர். அதன் காயிலைக் கழற்றி ஒன்றாவதில் மாட்டி, மீண்டும் மலையேறிப் பாருங்கள். குறியீடு பி0301 ஆக மாறினால் குற்றவாளி காயில். மாறாவிட்டால் பிளக்குகளை அதேபோல் இடம் மாற்றலாம். காசு செலவில்லாத சோதனை. அதனால்தானோ என்னவோ இதற்கு விளம்பரம் இல்லை.

விளம்பரம் உள்ளவை வேறு. டேங்கில் ஊற்றும் மந்திர பாட்டில் காயில் விரிசலை ஒட்டாது. இரிடியம் பிளக் நெடுநாள் தேயாது, அதன் ஊசிமுனை சற்றுக் குறைந்த வோல்டேஜிலும் பொறி விடும். அதற்காகக் குதிரைத்திறன் கூடிவிடாது. ‘ரீமேப்’ செய்து பவரைக் கூட்டுகிறேன் என்பவர் பெரும்பாலும் செய்வது டர்போ அழுத்தத்தைக் கூட்டுவது, அதாவது தெருவில் இன்னும் ஆளைத் திணிப்பது. பழைய பிளக்கோடு அதைச் செய்துகொண்டு பிறகு உதறுகிறது என்று புலம்பினால் என்ன சொல்ல?

எல்லா உதறலும் தீப்பொறியால் அல்ல. ஸ்கேனரில் எதுவும் பதிவாகாமல், எஞ்சின் சுற்றைவிட வண்டி வேகத்தோடு உதறல் கூடிக் குறைந்தால் ஆக்ஸில் ஜாயின்ட்டையும் கியர்பாக்ஸையும் பார்க்கச் சொல்லுங்கள். உஸ்ஸென்ற சத்தத்தோடு இழுவை குறைந்தால் டர்போ ஹோஸில் ஓட்டை.

மேட்டுப்பாளையம் வாசகருக்கு: முதலில் மூன்று பிளக்குகளையும் மாற்றுங்கள், கம்பெனி சொன்ன இடைவெளியோடு. அதுவரை எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு மினுங்கினால் உடனே மிதியைக் குறையுங்கள். எரியாத பெட்ரோல் புகைக்குழாயில் போய் எரிந்து கேடலிடிக் கன்வெர்ட்டரைப் பாழாக்கும். அதன் விலைக்குப் பல ஜோடி பிளக் வாங்கலாம்.