ஆடுகளம் அமைத்த ஆசான்

தருமபுரி மாவட்டம் பழம்புகழ் வாய்ந்தது. சங்க காலத்தில் தகடூர் என்னும் பெயருடன் அதியமான் நெடுமான் அஞ்சியின் தலைநகராய் விளங்கிய ஊரே இன்றைய தருமபுரி. இம்மாவட்டத்தில் நடுகற்கள் பல காணப்பெறுகின்றன. தருமபுரியிலுள்ள அகழ்வைப்பகத்திலும் அவை தொகுத்து வைக்கப்பெற்றுள்ளன. ஆநிரைக்காகவும் ஊருக்காகவும் போரிட்டு உயிர் நீத்த வீரரின் உருவத்தையும் பெயரையும் அக்கற்களில் காண்கிறோம். ஆனால் அவ்வீரருக்கு வில்லும் வாளும் பிடிக்கக் கற்றுக்கொடுத்த ஆசான் யார்? அவர் பெயரைக் கல்லில் காண்பது அரிது. மாணவன் வெற்றி பெறும்போது ஆசான் அவனுக்குப் பின்னே மறைந்து நிற்கிறான். இஃது உலக இயல்பு.

பென்னாகரம், அரூர், பாலக்கோடு, பாப்பிரெட்டிப்பட்டி முதலிய ஊர்களின் பள்ளி மைதானங்களில் மாலை வேளையில் பந்து துள்ளும் ஓசையும் ஊதலின் ஒலியும் எழுகின்றன. ஊதலைக் கையில் ஏந்தி நிற்கும் உடற்கல்வி ஆசிரியரை நாம் நாள்தோறும் காண்கிறோம். இத்தகைய ஆசிரியர் ஒருவர் பள்ளிக்குத் தேவை என்னும் எண்ணம் நம் நாட்டில் எவ்வாறு வேரூன்றியது? அதற்கு உழைத்தவருள் முதன்மையான ஒருவர், கடல் கடந்து வந்த அமெரிக்கர். அவர் பெயர் ஹாரி குரோ பக். அவருடைய பணியை அறிவதற்கு முன், அவர் கல்வி பயின்ற இடத்தில் தோன்றிய ஒரு விளையாட்டின் கதையை நாம் அறிதல் வேண்டும்.

அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்பிரிங்பீல்டு என்னும் நகர் உள்ளது. அங்குக் கிறித்தவ வாலிபர் சங்கத்தார் பயிற்சிப் பள்ளி ஒன்றை நடத்தி வந்தனர். ஒய்.எம்.சி.ஏ. என்று நாம் சுருக்கமாக அழைப்பது இச்சங்கத்தையே. 1891ஆம் ஆண்டின் இறுதியில் அப்பள்ளியில் ஒரு சிக்கல் எழுந்தது. குளிர்காலத்தில் வெளியே பனி மூடிக்கிடக்கும். மைதானத்தில் விளையாட இயலாது. கூடத்திற்குள் நாள்தோறும் ஒரே வகை உடற்பயிற்சியைச் செய்து சலித்த மாணவர்கள் அடங்காது திரிந்தனர். இவர்களுக்கு உள்ளரங்கில் ஆடத்தக்க புதிய விளையாட்டு ஒன்றை அமைக்குமாறு லூதர் குலிக் என்னும் உடற்கல்வித் துறைத் தலைவர் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற இளம் ஆசிரியரைப் பணித்தார். அதற்குத் தந்த தவணை இரண்டு வாரமே.

நெய்ஸ்மித் ஆழ்ந்து சிந்தித்தார். பந்தைக் கையிலேந்தி ஓடுபவனைப் பிடித்துத் தள்ளுவதாலேயே பல விளையாட்டுகளில் காயங்கள் நேர்கின்றன. பந்துடன் ஓடுவதையே தடுத்துவிட்டால் தள்ளுவதற்குக் காரணம் இராது. இலக்கு தரையளவில் இருந்தால் பந்தை வன்மையாக எறியவே எவரும் விரும்புவர். இலக்கைத் தலைக்கு மேல் உயரத்தில், வாய் மேல்நோக்கி இருக்குமாறு வைத்துவிட்டால் வன்மை பயன்படாது. பந்தை வளைவாக மெல்ல எறியும் திறமையே பயன்படும். இவ்வாறு எண்ணிய அவர், பள்ளியின் பணியாளரிடம் இரண்டு பெட்டிகள் கேட்டார். பெட்டிகள் இல்லை, பீச் என்னும் பழம் வைக்கும் கூடைகள் இரண்டே கிடைத்தன. அவற்றை 10 அடி உயரத்தில் மாடத்தின் விளிம்பில் அறைந்தார். 13 விதிகளை எழுதி ஒட்டினார். பதினெட்டு மாணவரும் இரு பக்கமாய்ப் பிரிந்து ஆடினர். கூடைக்கு அடிப்பகுதி இருந்தமையால், பந்து விழுந்தபோதெல்லாம் ஏணியில் ஏறி எடுக்க வேண்டியிருந்தது! கூடைப்பந்து பிறந்த வரலாறு இதுவே. இன்று பக்கத்திற்கு ஐவர் ஆடுகின்றனர். ஆடுகளம் 28 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் உடையது. ஆயினும் வளையம் இன்றும் அதே 10 அடி உயரத்திலேயே இருக்கின்றது.

ஈண்டு நாம் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. நெய்ஸ்மித் பின்னர்க் கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து அணிக்குப் பயிற்றுநராக விளங்கினார். அவருடைய அணி 55 ஆட்டங்களில் வென்றது; 60 ஆட்டங்களில் தோற்றது. அப்பல்கலைக்கழகத்து ஆடவர் அணியின் பயிற்றுநர்களுள் வெற்றியினும் தோல்வியே மிகுதியாகப் பெற்றவர் அவர் ஒருவர்தாம். விளையாட்டைப் படைத்தவரே அதில் மிகுதியும் தோற்றார் என்பது வியப்பன்றோ? ஆனால் அவரிடம் பயின்ற பாரஸ்ட் ஆலன் என்பவர் பிற்காலத்தில் அமெரிக்காவின் புகழ்மிக்க பயிற்றுநர்களுள் ஒருவரானார். 1936ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக் பந்தயங்களில் கூடைப்பந்து முதன்முறையாக இடம்பெற்றபோது, முதியவராகிய நெய்ஸ்மித் அதை நேரில் கண்டு மகிழ்ந்தார். ஒரு பயிற்றுநரின் வாழ்வை வெற்றி தோல்விக் கணக்கால் மட்டும் அளத்தல் தகாது என்பதை இதனால் உணரலாம்.

இத்தகைய ஸ்பிரிங்பீல்டில் கல்வி பயின்றவரே ஹாரி பக். 1884ஆம் ஆண்டில் பிறந்த அவர், முதல் உலகப் பெரும்போர் முடிந்ததை ஒட்டிச் சென்னைக்கு வந்தார். அவர் வந்தபோது நம் பள்ளிகளில் உடற்பயிற்சி எவ்வாறு இருந்தது? பெரும்பாலும் அது ‘டிரில்’ என்ற பெயரால் நடைபெற்றது. படையில் பணியாற்றி ஓய்வு பெற்றோர் பலர் அதனைக் கற்பித்தனர். மாணவர் வரிசையாக நிற்பர்; ஆணை பிறக்கும்; கைகள் ஒருசேர உயரும், தாழும். அதில் ஒழுங்கு உண்டு. ஆயினும் மகிழ்ச்சி குறைவு. மறுபுறம், விளையாட்டு என்பது திறமை மிக்க ஒரு சிலருக்கே உரியதாயிருந்தது. பள்ளி அணியில் இடம்பெற்றவர் ஆடுவர். ஏனையோர் ஓரத்தில் நின்று வேடிக்கை பார்ப்பர்.

பக் இவ்விரண்டையும் மாற்ற விரும்பினார். விளையாட்டும் கல்வியே; அது மாணவர் அனைவருக்கும் உரியது என்பது அவர் கொள்கை. இக்கொள்கையைப் பரப்ப இரு வழிகள் அவர்முன் இருந்தன. ஒன்று, தாமே சிறந்த அணி ஒன்றைப் பயிற்றிப் பரிசுகள் பெறுதல். மற்றொன்று, பயிற்றுவிப்போரைப் பயிற்றுவித்தல். முன்னதில் புகழ் விரைந்து வரும். பின்னதில் பயன் மெல்ல வரும். அவர் பின்னதையே தேர்ந்தார்.

இதன் சிறப்பை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். ஒருவர் ஓர் அணியைப் பயிற்றுவித்தால் ஆண்டுக்குப் பன்னிருவர் பயன்பெறுவர் என்று கொள்வோம். அவரே முப்பது ஆசிரியரைப் பயிற்றுவித்து, அவ்வாசிரியர் ஒவ்வொருவரும் தம் பள்ளியில் முந்நூறு மாணவர்க்குக் கற்பித்தால், ஒரே ஆண்டில் ஒன்பதாயிரம் மாணவர் பயன்பெறுவர். ஒரு விளக்கிலிருந்து பல விளக்குகளை ஏற்றுவது போன்றது இது.

1920ஆம் ஆண்டு பக் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. சார்பில் உடற்கல்விப் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். தொடக்கத்தில் விரல்விட்டு எண்ணத்தக்க மாணவரே அதில் சேர்ந்தனர். படித்தவர் மைதானத்தில் ஊதலுடன் நிற்பதை மதிப்புடைய தொழிலாகப் பலர் கருதாத காலம் அது. எனினும் அவர் மனந்தளரவில்லை. அவருடைய மனைவியார் மேரி பக் அம்மையாரும் அப்பணியில் துணை நின்றார். நாளடைவில் அப்பள்ளி கல்லூரியாக வளர்ந்து, அடையாற்றின் கரையில் நந்தனத்தில் விரிந்த நிலப்பரப்பில் நிலைபெற்றது. இந்தியாவில் உடற்கல்வி ஆசிரியரைப் பயிற்றுவிப்பதற்கென எழுந்த முதல் கல்லூரி இதுவே. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் மாணவர் அங்கு வந்து பயின்று, கூடைப்பந்து, கைப்பந்து, ஓட்டம், தாண்டுதல் முதலியவற்றைத் தத்தம் ஊர்களுக்குக் கொண்டுசென்றனர்.

ஓர் ஊரில் ஒரு விதமாகவும் அடுத்த ஊரில் வேறு விதமாகவும் ஒரு விளையாட்டை ஆடினால், இரண்டு ஊர்களும் தம்முள் போட்டியிட இயலுமா? முதல் ஆட்டத்திலேயே பூசல் எழும். விதி பொதுவாக இருந்தால்தான் போட்டி நேர்மையாக இருக்கும். இதனை உணர்ந்த பக், பல விளையாட்டுகளின் விதிகளைத் தொகுத்து நூலாக வெளியிட்டார். அந்நூல் பல பதிப்புகளைக் கண்டு உடற்கல்வி ஆசிரியரின் கைந்நூலாகத் திகழ்ந்தது.

1924ஆம் ஆண்டு தில்லியில் நாடு தழுவிய போட்டிகள் நடைபெற்றன. அவற்றில் தேர்ந்த வீரர்கள் பாரிஸ் நகரில் நிகழ்ந்த ஒலிம்பிக் பந்தயங்களுக்கு அனுப்பப்பெற்றனர். தடை தாண்டி ஓடுவதில் வல்ல சி. கே. லட்சுமணன், நீளம் தாண்டுவதில் வல்ல தலீப் சிங் ஆகியோர் அக்குழுவில் இருந்தனர். அக்குழுவிற்கு மேலாளராகச் சென்றவர் பக். நாடு அப்போது அயலார் ஆட்சியில் இருந்தது. எனினும் இவ்வீரர்கள் இந்தியா என்னும் பெயரால் உலக அரங்கில் ஓடினர். பதக்கம் எதுவும் கிட்டவில்லை. ஆனால் அம்முயற்சி வீண்போகவில்லை. பக்கும், டாக்டர் நோரன் என்னும் மற்றோர் ஒய்.எம்.சி.ஏ. பணியாளரும் பல மாநிலங்களுக்குச் சென்று விளையாட்டுச் சங்கங்கள் அமையத் துணைபுரிந்தனர். 1927ஆம் ஆண்டு இந்திய ஒலிம்பிக் சங்கம் தோன்றியது. தோராப்ஜி டாட்டா தலைவராகவும் நோரன் செயலாளராகவும் பொறுப்பேற்றனர்.

1934ஆம் ஆண்டு தேசியக் கூடைப்பந்துப் போட்டி முதன்முறையாகப் புதுதில்லியில் நடைபெற்றது. 1980ஆம் ஆண்டு மாஸ்கோ ஒலிம்பிக்கில் இந்தியக் கூடைப்பந்து அணி பங்குகொண்டது. 2014ஆம் ஆண்டு ஸ்காட் பிளெமிங் என்ற அமெரிக்கப் பயிற்றுநரின் வழிகாட்டுதலில் இந்திய அணி, சீனத்தின் ஊகான் நகரில் வலிமை மிக்க சீன அணியை 65–58 என்ற புள்ளிகளால் வென்றது. சென்னையில் பிறந்து இந்திய மகளிர் அணிக்குத் தலைமை தாங்கிய அனிதா பால்துரை 2021ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது பெற்றார். இவற்றையெல்லாம் காண பக் உயிருடன் இல்லை. அவர் 1943ஆம் ஆண்டிலேயே மறைந்தார். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அவர் வளர்த்த கல்லூரி, 2020ஆம் ஆண்டில் நூறாண்டைக் கடந்து இன்றும் ஆசிரியர்களை உருவாக்கி வருகின்றது.

மாணவர்களே! பக் எந்தக் கேட்டை எதிர்த்துப் போராடினாரோ, அது முற்றும் நீங்கிவிட்டதா என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். தேர்வு நெருங்கும்போது பல இடங்களில் முதலில் பறிபோவது விளையாட்டு வேளையே. மைதானத்தில் பத்துப் பேர் ஆட, எண்பது பேர் ஓரத்தில் நிற்கும் காட்சியை இன்றும் காணலாம். அவ்வாறு நிற்போருள் பெண் மக்கள் எத்தனை பேர்! ‘எனக்கு ஆட வராது’ என்று ஒதுங்குவோர் எத்தனை பேர்! நன்றாக ஆடுபவர்க்கே ஆடுகளம் என்றால், நன்றாகப் படிப்பவர்க்கே வகுப்பறை என்றும் சொல்லலாம் அல்லவா? அதனை நாம் ஏற்போமா?

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பது நம் பழமொழி. உடல்நலம் என்னும் சுவர் எல்லார்க்கும் வேண்டும். ஆடுகளம் அதற்கு மேலும் ஒன்றைக் கற்றுத் தருகிறது. கூடைப்பந்து ஆட்டத்தில் பந்தைத் தானே வைத்துக்கொள்பவன் வெல்வதில்லை. தக்க நேரத்தில் தோழனிடம் கொடுப்பவனே அணியை வெல்லச் செய்கிறான். நடுவரின் தீர்ப்புக்கு அடங்குதல், தோற்றபோதும் எதிரணியின் கையைக் குலுக்குதல், இளைத்தவனையும் அணியில் சேர்த்துக்கொள்ளுதல் ஆகியவை ஏட்டில் மட்டும் படித்து வருவன அல்ல.

நாளை மாலை மைதானத்திற்குச் செல்லும்போது ஓரத்தில் நிற்கும் ஒருவரை நோக்குங்கள். பந்தை அவரிடம் வீசுங்கள். பக்கைப் போன்ற ஆசானுக்கு நடுகல் வேண்டுவதில்லை. எல்லாரும் ஆடும் ஆடுகளமே அவருக்கு உரிய நினைவுச் சின்னமாகும்.