தோல் என்னும் கோட்டையும் கொழுப்புக் குமிழும்

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களில் தீக்காயம் என்றால் என்னவென்று சிறுவர்களுக்கும் தெரியும். மழை குறைந்த இந்தச் சீமையில் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போடுவது பட்டாசுத் தொழில். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நேர்ந்தது போன்ற விபத்துகளில் தப்பிப் பிழைத்தவர்களுக்கு, வேதனை காயத்தோடு முடிவதில்லை. ஊசி குத்துதல், இரத்தம் எடுத்தல், காயத்தை மூட உடலின் வேறோர் இடத்திலிருந்து தோலைச் சீவி எடுத்தல் என்று வலி தொடர்கிறது. ஊசியே இல்லாமல் தோலை மரத்துப்போகச் செய்ய முடியாதா?

பல் பிடுங்குமுன் மருத்துவர் ஈறில் ஊசி போடுவாரல்லவா? அதில் பெரும்பாலும் இருப்பது லிடோகெய்ன். 1943இல் ஸ்வீடன் நாட்டு வேதியியலார் நில்ஸ் லோஃப்கிரேன் உருவாக்கிய மருந்து இது. வலிச் செய்தி நரம்பில் ஓடவேண்டுமானால், சோடியம் அயனிகள் நுண்ணிய வாயில்கள் வழியே நரம்பிழைக்குள் பாயவேண்டும். லிடோகெய்ன் அந்த வாயில்களை அடைத்துவிடுகிறது. செய்தி மூளைக்குப் போவதில்லை, வலியும் தெரிவதில்லை.

ஆனால் இதைத் தண்ணீரில் கரைத்துத் தோலின்மேல் தடவினால் பயன் மிகக் குறைவு. ஏன்? தோலின் மேலடுக்கு ஒரு கோட்டைச் சுவர். உள்ளங்கை, உள்ளங்கால் தவிர மற்ற இடங்களில் அதன் கனம் ஏறத்தாழ 0.02 மில்லிமீட்டர்தான். இறந்த செல்கள் செங்கல் போல் அடுக்கப்பட்டு, இடையே கொழுப்பு சாந்து போல் பூசப்பட்டிருக்கிறது. தண்ணீரில் கரையும் பொருள் இந்தக் கொழுப்பைக் கடப்பது கடினம்.

இதற்கு ஒரு வழி முட்டையின் மஞ்சள் கருவில் இருக்கிறது! அதிலுள்ள லெசித்தினின் மூலக்கூறுக்குத் தலை ஒன்று, வால்கள் இரண்டு. தலை நீரை விரும்பும். வால்கள் நீரை வெறுக்கும். நீரில் இட்டால் வால்களை உள்ளே மறைத்து, இரண்டடுக்குச் சுவருள்ள நுண்குமிழ்களாகத் தாமே உருவாகும். இவையே லிப்போசோம்கள். இங்கிலாந்தில் பாப்ரகாம் ஆய்வுக்கூடத்தில் அலெக் பாங்காம் 1960களின் தொடக்கத்தில் இவற்றைக் கண்டறிந்தார்.

1980இல் கனடாவின் டல்ஹவுசிப் பல்கலைக்கழகத்தில் மெசெய், குலசேகரம் இருவரும் ஒரு தோல் மருந்தை லிப்போசோமில் அடைத்து முயலின் தோலில் தடவினர். சாதாரணக் களிம்பைவிடப் பல மடங்கு மருந்து தோலுக்குள் தங்கியது. 1988இல் கெஸ்டெஸ், மெசெய் இருவரும் டெட்ராகெய்ன் என்ற மரப்பு மருந்தை இவ்வாறே அடைத்து, மனிதத் தோல் மரத்துப்போவதைக் காட்டினர். குமிழ் முழுதாக உள்ளே போய்விடுவதில்லை. பெரும்பாலும் அது சுவரின் சாந்தோடு கலந்து, மருந்தைச் சிறிது சிறிதாக உள்ளே விடுகிறது. இன்று 4 விழுக்காடு லிடோகெய்ன் கொண்ட லிப்போசோம் களிம்பைத் தடவி, சுமார் 30 நிமிடம் பொறுத்து, குழந்தைகளுக்கு ஊசி போடுகிறார்கள்.

அப்படியானால் தீக்காயத்தின் மேலேயே இதைத் தடவலாமா? கூடாது! கோட்டைச் சுவர் எரிந்துபோன இடத்தில் தடையே இல்லை. மருந்து மிகுதியாக இரத்தத்தில் கலந்து இதயத்தையும் மூளையையும் பாதிக்கலாம். இத்தகைய களிம்புக்கு இடம் காயமில்லாத தோல்தான்: ஊசி குத்துமிடம், ஒட்டுவதற்காகச் சிறிதளவு தோல் எடுக்குமிடம். அதுவும் மருத்துவர் சொல்லும் அளவில். தீப்பட்டவுடன் நாம் செய்யவேண்டியது, ஓடும் குளிர்ந்த குழாய்நீரில் 20 நிமிடம் காட்டுவது. மை, பற்பசை எதுவும் பூசாமல் மருத்துவமனைக்கு விரையுங்கள்.

வீட்டில் ஒரு சோதனை செய்து பாருங்கள். இரண்டு சீசாக்களில் பாதி நீரும் சிறிது கடலெண்ணெயும் ஊற்றுங்கள். ஒன்றில் மட்டும் முட்டை மஞ்சள் கரு சேர்த்து, இரண்டையும் நன்றாகக் குலுக்குங்கள். ஒன்றில் எண்ணெய் விரைவில் பிரிந்து மேலே மிதக்கும். மற்றதில் ஏன் பிரியவில்லை? நீரோடும் எண்ணெயோடும் ஒருங்கே நட்புக் கொள்ளும் அந்த லெசித்தின்தான் மருந்துக்கும் கோட்டைக் கதவைத் திறந்துவிடுகிறது.