மின்னஞ்சல் பெட்டிக்கும் கதவு வேண்டும்

பிறர் இல்லத்தினுள் நுழையுமுன் வாசலில் நின்று ஸலாம் கூறி, அனுமதி கிடைத்த பின்னரே அடியெடுத்து வைக்க வேண்டும் என்பது நம் பிள்ளைகளுக்குச் சிறு வயதிலேயே கற்பிக்கப்படும் ஒழுக்கம். ஆனால், நம் பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் உள்ள மின்னஞ்சல் பெட்டிகளுக்குள் அனுமதியின்றி நுழைவோர்தாம் எத்தனை பேர்! கடன் தருவதாக ஒருவர், பரிசுச் சீட்டில் பெருந்தொகை விழுந்திருப்பதாக ஒருவர், மலிவான கட்டணத்தில் உம்ரா அழைத்துச் செல்வதாக மற்றொருவர். இத்தகைய வேண்டாத அஞ்சல்களையே ‘ஸ்பாம்’ என்கின்றனர்.

இதனைச் சிறு தொல்லை என்றே நானும் எண்ணியிருந்தேன். அவ்வெண்ணத்தை மாற்றிய நிகழ்ச்சியை மறைக்காமல் கூறுகிறேன்.

திருச்சிராப்பள்ளியில் நான் பணியாற்றும் மதரஸாவில் கடிதப் போக்குவரத்தும் என் பொறுப்பில் உள்ளது. தந்தையை இழந்த மாணவர் ஒருவருக்காக ஓர் அறக்கட்டளையிடம் கல்வி உதவித்தொகை கோரி விண்ணப்பித்திருந்தோம். வாரங்கள் பல கடந்தும் பதில் இல்லை. ஒருநாள் தற்செயலாக ‘ஸ்பாம்’ பகுதியைத் திறந்தேன். வருமானச் சான்றிதழை அனுப்புமாறு கேட்டு அறக்கட்டளை எழுதிய கடிதம் அங்கே கிடந்தது. கெடு முடிந்து நான்கு நாட்களாகியிருந்தன. அவ்வாண்டு உதவி கிடைக்கவில்லை.

மாணவரின் தாயார் என்னைக் கடிந்து ஒரு சொல்லும் கூறவில்லை. “போகட்டும் ஹஜ்ரத், அடுத்த வருஷம் பார்ப்போம்” என்றார். அந்தப் பொறுமைதான் எனக்குப் பெருஞ்சுமையாயிற்று.

மறுநாளே காவிரிப் பாலத்தைக் கடந்து ஸ்ரீரங்கம் சென்றேன். என்னுடன் கலைப் பட்டம் பயின்ற தோழர் ஒருவர் அங்கே உத்திர வீதியில் வசிக்கிறார். பள்ளியொன்றின் கணினிப் பணிகளைக் கவனிப்பவர். நடந்ததைக் கேட்டபின் சிரித்தார். “பாய், ராஜகோபுரம் தொடங்கி எத்தனை வாசல்களைக் கடந்து என் வீட்டுக்கு வந்தீர்கள்? உங்கள் அஞ்சல் பெட்டிக்கு ஒரு வாசலாவது வைத்தீர்களா?” என்று வினவினார்.

பின்னர் எங்கள் பெட்டியை ஆராய்ந்து காரணத்தையும் கண்டறிந்தார். அதே அறக்கட்டளை முன்பு அனுப்பிய செய்தி மடல்களை, சலிப்பின் காரணமாக நானே ‘ஸ்பாம்’ என்று குறித்துத் தள்ளியிருக்கிறேன்! அஞ்சல்களைச் சலித்தெடுக்கும் சல்லடை, நாம் குறிப்பதைப் பார்த்தே கற்றுக்கொள்கிறது. எந்தச் சொற்களும் எந்த அனுப்புநர்களும் வேண்டாதவை எனக் கணக்கிட்டு அறியும் இம்முறை, 2002-ஆம் ஆண்டில் பால் கிரஹாம் என்ற அமெரிக்கர் எழுதிய கட்டுரைக்குப்பின் பரவலாயிற்று. ஆசிரியர் தவறாகக் கற்பித்தால் மாணவரும் தவறாகத்தானே ஒப்பிப்பார்?

இத்தொல்லை புதியதன்று. 1978 மே 3-ஆம் நாள், அமெரிக்கக் கணினி நிறுவனமொன்றின் விற்பனை அலுவலர் கேரி துர்க் என்பவர், அன்றைய ‘அர்ப்பாநெட்’ வலையமைப்பில் ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். அதுவே முதல் வேண்டாத அஞ்சலாகக் கருதப்படுகிறது. ‘ஸ்பாம்’ என்பதோ 1937-இல் விற்பனைக்கு வந்த, டப்பாவில் அடைத்த பன்றி இறைச்சியின் பெயர். 1970-இல் பிரிட்டிஷ் தொலைக்காட்சியின் நகைச்சுவைக் காட்சியொன்றில் அப்பெயரையே திரும்பத் திரும்பக் கூவி மற்றவர் பேச்சை அமுக்கிவிடுவர். அதிலிருந்தே இவ்வஞ்சலுக்கு அப்பெயர் வந்தது. பெயரே நம் வீட்டுக்கு ஒவ்வாதது!

தோழர் கற்பித்தவற்றை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலாவது, முகவரியைக் காக்க வேண்டும். இணையப் பக்கங்களில் வெளிப்படையாக உள்ள முகவரிகளைத் திரட்டுவதற்கென்றே நிரல்கள் இயங்குகின்றன. பள்ளியின் முகவரியைக் கடைகளிலும் பரிசுப் போட்டிப் படிவங்களிலும் எழுதாதீர்கள். அவற்றுக்கெனத் தனி முகவரி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, அறியாதவர் அனுப்பிய அஞ்சலுக்குப் பதில் எழுதாதீர்கள். அதிலுள்ள இணைப்புகளைத் தொடாதீர்கள். “இனி அனுப்ப வேண்டாம்” என்று எழுதுவதும் இம்முகவரியில் ஆள் இருக்கிறார் என்பதற்குச் சாட்சியாகிவிடும். அஞ்சலிலுள்ள படங்கள் தாமாகத் திறப்பதையும் அமைப்புகளில் சென்று நிறுத்திவிடுங்கள். படம் திறப்பதே அஞ்சல் பார்க்கப்பட்டதை அனுப்பியவருக்கு உணர்த்தக்கூடும்.

மூன்றாவது, அறிந்த நிறுவனத்தின் மடல் சலிப்பூட்டினால் அதனை ‘ஸ்பாம்’ எனக் குறிக்காமல், சந்தாவை விலக்கிக்கொள்ளுங்கள். ஜிமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5000-க்கு மேல் அனுப்புவோர், தம் விளம்பர மடல்களில் ஒரே சொடுக்கில் விலகும் வசதியைத் தர வேண்டும் என்று கூகுள் 2024-இல் விதித்தது. யாஹூவும் இத்தகைய விதியைக் கொண்டு வந்தது. 1000 அஞ்சலுக்கு 3 என்ற அளவைப் புகார்கள் எட்டாமல் காப்பதும் அனுப்புவோரின் கடமை. ஆகவே, மெய்யான ‘ஸ்பாம்’ அஞ்சலை வெறுமனே அழிக்காமல் புகாராகக் குறிப்பதே பயன் தரும்.

நான்காவது, ‘ஸ்பாம்’ பகுதியைத் தவறாமல் பாருங்கள். ஜிமெயிலில் அங்கே விழுந்தவை 30 நாட்களில் தாமே அழிந்துவிடும். நல்ல கடிதம் சிக்கியிருந்தால் ‘ஸ்பாம் அன்று’ எனக் குறித்து, அனுப்பியவரை முகவரிப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

ஐந்தாவது, நாமும் பிறருக்குத் தொல்லையாகலாகாது. பெற்றோர் அனைவருக்கும் ஒரே சுற்றறிக்கையை அனுப்புகையில், அவர்தம் முகவரிகளை ‘பிசிசி’ எனும் மறைநகல் கட்டத்தில் இடுங்கள். இல்லையேல் ஒருவரின் முகவரி மற்ற அனைவருக்கும் தெரிந்துவிடும். நம்மை நம்பித் தந்த முகவரியும் ஓர் அமானிதமே.

தொலைபேசி விளம்பரங்களைத் தடுக்க 1909 என்ற எண்ணில் பதிவு செய்யலாம். மின்னஞ்சலுக்கு அப்படியொரு பதிவேடு நம் நாட்டில் இல்லை. நம் கதவை நாமே காத்துக்கொள்ள வேண்டியதுதான். ஏமாந்து பணத்தை இழந்தவர்கள் வெட்கப்பட்டு மறைக்காமல், உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். தாமதிக்குந்தோறும் பணம் கைமாறிப் போய்விடும்.

இப்போது எங்கள் மதரஸாவில் சனிக்கிழமை தோறும் ‘ஸ்பாம்’ பகுதியைப் பார்த்து, பதிவேட்டில் கையொப்பமிடுகிறேன். அம்மாணவருக்காக இவ்வாண்டும் விண்ணப்பித்துள்ளோம். வருமானச் சான்றிதழ் முன்கூட்டியே தயாராக உள்ளது. அறக்கட்டளையின் முகவரியும் எங்கள் பட்டியலில் ஏறிவிட்டது. இன்ஷா அல்லாஹ், இம்முறை அக்கடிதம் வாசலில் காத்துக் கிடக்காது.

வாசகர்களே, இதைப் படித்து முடித்ததும் உங்கள் ‘ஸ்பாம்’ பகுதியை ஒருமுறை திறந்து பாருங்கள். யாரோ ஒருவரின் கல்வியோ மருத்துவமோ அங்கே பதிலுக்காகக் காத்திருக்கலாம்.