குதிரைச் சந்தையில் வாய் திறந்து கேட்க வேண்டியது

ஈரோடு மாவட்டம் அந்தியூரில், குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவையொட்டிக் கூடும் சந்தைக்கு மார்வாரி, கத்தியவாரி, நுக்ரா குதிரைகளும், தாளத்துக்கு ஆடப் பழக்கிய நாட்டியக் குதிரைகளும் வருகின்றன. நல்ல குதிரையின் விலை லட்சங்களில் இருக்கும். பேரமோ பெரும்பாலும் வாய்மொழிதான். துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை முடிக்கும் சந்தைப் பழக்கத்தில், என்ன சொல்லி விற்றார் என்பதற்குச் சாட்சி இருப்பதில்லை.

சட்டத்தின் கண்ணில் குதிரை ஓர் அசையும் சொத்து. 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டப்படி, குறை பார்த்து வாங்குவது பொதுவாக வாங்குபவர் பொறுப்பு. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, மோசடியை விளக்க எடுத்துக்கொண்ட உதாரணமே குதிரைதான். குதிரைக்குக் குறை இருப்பது தெரிந்தும் ஏலத்தில் விற்பவர் பேசாமல் இருந்தால் அது மோசடி ஆகாது. ஆனால், மறுத்துச் சொல்லாவிட்டால் குதிரை நலமாக இருப்பதாகவே எடுத்துக்கொள்வேன் என்று வாங்குபவர் சொன்ன பிறகும் விற்பவர் வாய் திறக்காவிட்டால், அந்த மௌனம் பேச்சுக்குச் சமம். ஆகவே நோய், நொண்டல், முரட்டுக் குணம், வயது ஆகியவற்றைச் சாட்சி முன்னிலையில் கேட்பதும், பதிலை எழுதி வாங்குவதும் வெறும் சம்பிரதாயம் அல்ல.

வாங்குபவர்கள் ராசிக்காக உடலில் உள்ள முடிச்சுழி பார்ப்பதில் காட்டும் அக்கறையைக் குளம்பு பார்ப்பதில் காட்டுவதில்லை. ஐந்து வயதுக்குள் வெட்டுப்பற்கள் அனைத்தும் நிலைப்பற்களாகிவிடும். அதன்பின் வயதைக் கணிக்கப் பல்லின் தேய்மானமே வழி. பல்லைக் குடைந்து கறுப்பேற்றி வயதைக் குறைத்துக் காட்டுவது பழைய தந்திரம். வலிநிவாரணி நொண்டலை மறைக்கும்; மயக்க மருந்து முரட்டுத்தனத்தை மறைக்கும். முன்னறிவிப்பில்லாமல் இரண்டு முறை லாயத்துக்கே போய், கட்டாந்தரையில் ஓடவிட்டுப் பார்த்தால் பாதி தெரிந்துவிடும். மீதியைத் தெரிந்துகொள்ள, விற்பவரோடு தொடர்பில்லாத கால்நடை மருத்துவர் ஒருவரின் பரிசோதனையும் ரத்த மாதிரியும் வேண்டும்.

கிளாண்டர்ஸ் பரிசோதனையை மட்டும் எக்காரணம் கொண்டும் தவிர்க்கக் கூடாது. மனிதருக்கும் தொற்றும் இந்த நோய், 2009-ஆம் ஆண்டு கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டியது. நோய் உறுதியானால் குதிரையைக் கருணைக்கொலை செய்வார்கள். ஹிசாரில் உள்ள தேசியக் குதிரை ஆராய்ச்சி மையம் இதற்கான பரிசோதனையைச் செய்கிறது.

ரசீதில் நிறம், உயரம், நெற்றி வெள்ளை, மைக்ரோசிப் இருந்தால் அதன் எண் ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். சுழிகளின் இடத்தையும் எழுதலாம். ராசிக்கு உதவாவிட்டாலும் அடையாளத்துக்கு உதவும். விற்பவர் தாம் வாங்கிய பழைய ரசீதைக் காட்டுவதும் அவசியம். திருட்டுக் குதிரையை நல்லெண்ணத்தோடு வாங்கினாலும் பொதுவாக உரிமை மாறாது.

ஏமாற்றி விற்றது தெரிந்தால் ஒப்பந்தத்தை ரத்து செய்து பணத்தைத் திரும்பக் கேட்கலாம். விற்றவர் வியாபாரியாகவும், வாங்கியது மறுவிற்பனைக்கு அல்லாமலும் இருந்தால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். திட்டமிட்ட ஏமாற்று என்றால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆவது பிரிவில் காவல்துறையிடம் புகார் கொடுக்கலாம். எதுவானாலும், குறை தெரிந்ததும் ஏற்க மறுப்பதை எழுத்தில் தெரிவித்துவிட வேண்டும். தீனி போட்டுக்கொண்டே நாளைக் கடத்தினால் குதிரையை ஏற்றுக்கொண்டதாகக் கருதப்படலாம். அப்போது விற்பனைச் சட்டத்தின் கீழ் பெரும்பாலும் நஷ்டஈடு மட்டுமே கேட்க முடியும்.