வால்வு செட்டின் குரல்

எங்கள் சித்தையன்கோட்டையில் திருவிழாவுக்கோ கல்யாணத்துக்கோ மைக் செட் பேசப் போகும் பெரியவர்கள், வாடகையைக் கேட்குமுன், "வால்வு செட்டா, டிரான்சிஸ்டர் செட்டா?" என்று கேட்பார்களாம். வால்வு என்றால் குரல் கணீரென்று இருக்கும், எவ்வளவு கூட்டினாலும் காதைக் குத்தாது என்பது அவர்கள் துணிபு. இது வெறும் பழமைப் பற்றா, அன்றி இதில் இயற்பியல் ஏதும் உண்டா?

எனக்கு இந்த ஆராய்ச்சி கட்டாயமாயிற்று. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். என் பெரியப்பாவோ மைக் செட் தொழிலிலேயே காலம் கழித்தவர். ஆம்ப்ளிஃபயரைத் தம் கையாலேயே கட்டியவர். விடுமுறைக்குப் போனால், "என்னப்பா, உன் புத்தகத்துல வால்வைப் பத்தி என்ன போட்டிருக்கு?" என்பார். என் பாடம் டிரான்சிஸ்டரில்தான் தொடங்குகிறது.

வால்வு என்பது காற்று நீக்கிய கண்ணாடிக் குழல். 1904-இல் ஃபிளெமிங் இருமுனை வால்வைச் செய்தார். 1906-இல் லீ டி ஃபாரஸ்ட் அதனுள் மூன்றாவதாக 'கிரிட்' என்னும் கம்பிவலையைச் சேர்த்தார். சூடேறிய கேத்தோடிலிருந்து எலெக்ட்ரான்கள் ஆனோடை நோக்கி ஓடும். இடையிலுள்ள கிரிட்டில் கொடுக்கும் சிறு மின்னழுத்தம் அவ்வோட்டத்தைக் கூட்டும், குறைக்கும். வாய்க்கால் மடையில் பலகையை விரற்கடை அளவு தூக்கினால் வயலுக்குப் பாயும் நீர் எவ்வளவு மாறுகிறது! அதே கதைதான்.

பெரியப்பாவின் பெட்டியில் முன்னால் ஈ.சி.சி.83 என்னும் சிறு வால்வு, கடைசியில் ஈ.எல்.34 இரண்டு. இவ்விரண்டும் இருவர் இழுக்கும் ரம்பம் போல மாறி மாறி வேலை செய்யும்.

அப்பெட்டியைப் பேருந்தில் ஏற்றி (அதன் கனம் என் தோளுக்குத் தெரியும்) துறைப் பேராசிரியரின் அனுமதியுடன் ஆய்வகத்துக்குக் கொண்டு வந்தேன். ஸ்பீக்கருக்குப் பதிலாக 8 ஓம் மின்தடையை மாட்டி, 1000 ஹெர்ட்ஸ் சைன் அலையைச் செலுத்தி, ஆசிலாஸ்கோப்பில் பார்த்தேன். ஒலியைக் கூட்டக் கூட்ட அலையின் உச்சி மெல்ல மெல்ல உருண்டு தணிந்தது. ஆய்வகத்து டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரிலோ எல்லை வரை அலை பழுதின்றி நின்றது; எல்லை கடந்ததும் கத்தியால் சீவியதுபோல் தலை மொட்டையாயிற்று.

இந்த வேறுபாட்டில்தான் இரகசியம் இருக்கிறது. அலையின் வடிவம் கெட்டால், மூல அதிர்வெண்ணின் மடங்குகள் புதிதாகப் பிறக்கும். 220 ஹெர்ட்ஸைச் சட்ஜமாகக் கொண்டால் இரண்டாம் மடங்கான 440 மேல் சட்ஜம். மூன்றாம் மடங்கான 660 அதற்கு மேலுள்ள பஞ்சமம். இரண்டும் சுருதியோடு ஒட்டும் உறவினர்கள். ஏழாம் மடங்கான 1540 நம் பன்னிரண்டு சுரத்தானங்களில் எதிலும் சரியாக அமராது. உருண்டு கெடும் அலையில் முதல் உறவினர்களே மிகுதி. சீவப்பட்ட அலையில் தூரத்து மடங்குகள் வலுக்கின்றன. அவையே காதைக் குத்துபவை. இங்கு ஒரு நுணுக்கமும் உண்டு: ரம்பம் இழுக்கும் இரு வால்வுகளும் தமக்குள் பிறக்கும் இரட்டை மடங்குகளை ஒன்றுக்கொன்று அழித்துவிடும். ஆகவே மேல் சட்ஜத்தைச் சேர்ப்பது பெரும்பாலும் முன்னாலிருக்கும் சிறு வால்வே.

ஆக, பெரியவர்கள் இனிமை என்று சொன்னது இயற்பியல் கண்ணுக்கு ஒரு குறை. மேனாட்டு கிட்டார் கலைஞர்கள் அந்தக் குறையையே தேடிப் போகிறார்கள். இலண்டனில் டிரம் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல் 1962-இல், அமெரிக்காவின் ஃபெண்டர் பெட்டியொன்றைப் பின்பற்றி வால்வு ஆம்ப்ளிஃபயர் செய்யத் தொடங்கினார். அதை எல்லை மீறிக் கூட்டி, உருண்டு கெடும் ஒலியையே வாத்தியத்தின் குரலாக்கிக்கொண்டார்கள். நம் மைக் செட்காரர் அவ்வாறு விரும்பிக் கெடுப்பதில்லை. ஆனால் திருவிழா இரவில் எந்தப் பெட்டிதான் எல்லைக்குள் நின்றது?

வால்வுக்கே எல்லாப் புகழும் தருவது நியாயமன்று. ஈ.எல்.34 ஜோடி தன் முன்னால் மூவாயிரம் ஓமுக்கு மேற்பட்ட பளுவை எதிர்பார்க்கும். ஸ்பீக்கரோ 8 ஓம். இருவரையும் இணைத்து வைக்கும் தரகர் வெளியீட்டு மின்மாற்றி. முதன்மைச் சுருளுக்கும் துணைச் சுருளுக்கும் சுற்று விகிதம் 20-க்கு 1 என்றால், அதன் வர்க்கம் 400. அதை 8-ஆல் பெருக்க 3200 ஓம் வருகிறது. கணக்கு எளிது, சுற்றுவது எளிதன்று. முதன்மையை முழுதும் சுற்றி அதன்மேல் துணையைச் சுற்றினால் இரண்டுக்கும் பிணைப்புத் தளர்ந்து உச்ச ஒலிகள் மங்கும். எனவே இரண்டையும் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒன்றன்மேல் ஒன்றாக மாற்றி மாற்றி, இடையே காகிதம் வைத்துச் சுற்ற வேண்டும். இது கைத்தொழில், சுற்றுபவர் மாறினால் குரலும் மாறும்.

செலவும் சொல்ல வேண்டும். ஈ.எல்.34 ஒன்றின் சூடேற்றும் இழைக்கு 6.3 வோல்ட், 1.5 ஆம்பியர். இரண்டுக்குமாகப் பாட்டு ஒலிக்குமுன்பே ஏறத்தாழ 19 வாட் வெப்பமாகப் போகிறது. ஆனோடில் சுமார் 400 வோல்ட். சுவிட்சை அணைத்த பின்னும் மின்தேக்கியில் அது தங்கும். பழகியவர்கள் ஒரு கையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் உள்ளே தொடுவார்கள். ஒரு காலத்தில் பெங்களூரின் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனமே வால்வுகளைச் செய்தது. இன்று புது வால்வு சீனா, ரஷ்யா, ஸ்லோவாக்கியா என்று வெளிநாட்டிலிருந்து வர வேண்டும்.

வால்வை விலை கொடுத்து வாங்கலாம். மின்மாற்றிக்கு அப்படி வழியில்லை. பெரியப்பாவுக்கு இப்போது மெல்லிய கம்பி கண்ணுக்குத் தெரிவதில்லை. சுற்றுக் கணக்கெல்லாம் பழைய நாற்பது பக்க நோட்டில் பென்சிலால் எழுதியிருக்கிறார். அதைப் படியெடுத்து விகிதங்களைச் சரிபார்த்து வருகிறேன். ஓமின் விதி படிக்காதவர் கணக்கு ஓமின் விதியோடு ஒத்துப்போகிறது. ஒரே ஓரிடத்தில் மட்டும், மூன்றாம் அடுக்குக்குப் பிறகு, "காகிதம் இரட்டை" என்று எழுதியிருக்கிறது. காரணம் எழுதவில்லை. பொங்கல் விடுமுறையில் கேட்க வேண்டும்.