செராமிக் கூட்டுப்பொருள் ஆடி

செராமிக் கூட்டுப்பொருள் ஆடி என்பது, செயற்கைக்கோள்களின் படமெடுக்கும் கருவிகளில் கண்ணாடி ஆடிக்கு மாற்றாக உருவாக்கப்பட்ட, எடை குறைந்த ஆடி ஆகும். இது பெரும்பாலும் கார்பன் இழை கலந்த சிலிக்கான் கார்பைடால் ஆனது.

சிலிக்கான் கார்பைடு கண்ணாடியை விட அடர்த்தி மிக்கது. அவ்வாறெனில் எடை எப்படிக் குறைகிறது என்ற ஐயம் எழலாம். விடை அதன் விறைப்பில் உள்ளது. ஆடிகளுக்கெனவே உருவாக்கப்பட்ட செரோடூர் என்னும் கண்ணாடிச் செராமிக்கின் யங் குணகம் ஏறத்தாழ 90 கிகாபாஸ்கல். தூய சிலிக்கான் கார்பைடினுடையது 400-ஐத் தாண்டும். ஆகவே பின்புறத்தில் மெல்லிய விலாக்களை மட்டும் விட்டு, எஞ்சியதைக் குடைந்தெடுத்தாலும் ஆடி எளிதில் வளையாது. கட்புல ஒளியில் படமெடுக்கும் ஆடியின் பரப்பு சில பத்து நானோமீட்டர் பிறழ்ந்தாலே படத்தின் தரம் குன்றும்.

வெப்பத்தால் செரோடூர் விரிவதே இல்லை எனலாம். சிலிக்கான் கார்பைடு சிறிது விரியும். ஆனால் அதன் வெப்பக் கடத்துதிறன் செரோடூரை விட நூறு மடங்குக்கும் மேல். ஆடி முழுவதும் ஒரே வெப்பநிலையை விரைவில் அடைவதால் அளவு மாறினும் வடிவம் கெடுவதில்லை. தாங்குசட்டமும் அதே பொருளால் ஆனதாயின் குவியமும் பெரிதாகப் பிறழாது.

செய்முறை

குறுகிய கார்பன் இழைகளைப் பீனால் பிசினுடன் சேர்த்து அழுத்தி, காற்றின்றிச் சூடாக்குவர். பிசின் கார்பனாக மாறும். இந்நிலையில் கட்டியை எளிதாகக் கடைந்து விலாக்களை அமைக்கலாம். பின்னர், 1414 பாகை செல்சியசில் உருகும் சிலிக்கானை அதன் நுண்துளைகளில் ஊறச் செய்ய, அது கார்பனுடன் வினைபுரிந்து சிலிக்கான் கார்பைடாகிறது. அளவு ஏறக்குறைய மாறுவதில்லை. தூளை அழுத்திச் சுட்டுச் செய்யும் முறையிலோ பொருள் கணிசமாகச் சுருங்கும்.

செராமிக் நொறுங்கும் தன்மையது. ஏவூர்தியின் அதிர்வில் ஒரு விரிசல் பரவினால் கருவியே பாழ். இழைகள் விரிசல் பரவுவதைத் தடுக்கின்றன. எனினும் கார்பன், சிலிக்கான், சிலிக்கான் கார்பைடு ஆகிய மூன்றும் வெவ்வேறு கடினத்தன்மை உடையவை. மெருகேற்றும்போது பரப்பு சமமாகத் தேய்வதில்லை. ஆதலால் முகப்பில் சிலிக்கான் கார்பைடு படலம் ஒன்றைப் படியச் செய்து, அதையே மெருகேற்றுவர்.

பயன்பாடு

இழையற்ற சிலிக்கான் கார்பைடு ஆடிகளே விண்வெளியில் முந்திக்கொண்டன. 2006-ல் ஏவப்பட்ட ஜப்பானின் அகாரியின் 68.5 செ.மீ. முதன்மை ஆடி சுமார் 11 கிலோகிராம் எடையே கொண்டது. 2009-ல் ஏவப்பட்ட ஐரோப்பாவின் ஹெர்ஷலின் 3.5 மீட்டர் ஆடி, 12 துண்டுகளைப் பற்றவைத்து உருவாக்கப்பட்டது. தொலைநோக்கி முழுவதும் ஏறத்தாழ 300 கிலோகிராம். ஹபிளின் 2.4 மீட்டர் கண்ணாடி ஆடி மட்டுமே 828 கிலோகிராம். இவ்வொப்பீடு பலராலும் காட்டப்பட்டாலும் முற்றிலும் நியாயமானதன்று: ஹெர்ஷல் நெடிய அகச்சிவப்புக் கதிர்களைப் பார்த்தது, அதற்கு அத்துணை நுண்ணிய பரப்பு வேண்டியதில்லை.

இழை கலந்த வகையில், ஜெர்மனியின் ஈசிஎம் நிறுவனமும் ஜப்பானின் மிட்சுபிசி எலக்ட்ரிக்கும் இணைந்து எச்பி-செசிக் என்ற பொருளை உருவாக்கின. இதில் செய்த ஆடிகள் ஸ்பிக்கா என்னும் அகச்சிவப்புத் தொலைநோக்கித் திட்டத்திற்காகக் கடுங்குளிரில் சோதிக்கப்பட்டன. அத்திட்டம் 2020-ல் கைவிடப்பட்டது.